காலிச் சாக்கு

ஆரணிக்கு வெளியே ஒரு மடம் இருந்தது. அங்கே யாரும் சாமி கும்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, எந்தக் காலத்திலும் பறக்கப்போகாத விண்கப்பல்களை வரைந்தோம்.

மடம் என்பது நாங்களே வைத்துக்கொண்ட பெயர். ஊர்க்காரர்களுக்கு அது ஓடாத ரைஸ்மில். உள்சுவர் முழுக்கக் கறுப்புச் சாயம் பூசி வானமாக்கியிருந்தோம். மழைக்காலத்தில் ஓதம் ஏறி, ஜன்னலோரம் இருந்த சனிக்கிரகம் ஒரு சுற்றுப் பெருத்துவிடும். நம்பாதவர்கள் ஐப்பசியில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

போர்க்கப்பல் வரைய அனுமதி கிடையாது. சுமை ஏற்றும் கப்பல், பழுது பார்க்கும் கப்பல், இரண்டுதான். வரைந்ததை அட்டையில் வெட்டிச் சுவரில் குத்துவோம். வாரம் ஒரு சாண் நகர்த்தலாம். அவரவர் கப்பலை அவரவர்தான் நகர்த்த வேண்டும். வரைந்தவர் இறந்துபோனால் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சாரங்கனின் கப்பல் அப்படி நின்றுபோனது.

அது அரிசிக் கப்பல். வானத்தின் கடைசி மூலையில் கடைக்கோடி என்று ஒரு நிலையம். அங்கே இருப்பவர்களுக்கு மூட்டை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. காலிச் சாக்குகளை மடித்து வைக்க அதில் தனியாக ஓர் அலமாரி வரைந்திருந்தான்.

"விண்வெளிக்குப் போயும் சாக்குக்கு அலமாரியாடா?" என்று கேலி செய்தோம்.

"சாக்கு மில்லுக்குச் சொந்தம். திரும்பி வரணும்" என்றான்.

அடுத்த மாதம் காய்ச்சலில் போய்விட்டான். கடைக்கோடிக்கு மூன்று சாண் இருக்கும்போது கப்பல் நின்றது.

அவன் அண்ணன் கோதண்டன். அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளில் மடத்துக்கு வந்துபோனவர்கள். வீட்டிலும் இரண்டு பேர்தான். காரியமெல்லாம் முடிந்து, தனியாகச் சைக்கிளை மிதித்து வந்த கோதண்டன் குருவிடம் கேட்டார்.

"குருவே, தம்பி கப்பலை நான் நகர்த்தலாமா?"

குரு ஏகாம்பரம் அவரைவிட வயதில் இளையவர். மடத்தில் வயது பார்ப்பதில்லை.

"கையால கூடாது. பழுது பார்க்கிற கப்பல் ஒண்ணு வரைஞ்சு, அதுல போங்க."

கோதண்டன் வரைந்தார். ஆடியில் ஆரம்பித்தார். வேலைக்குப் போவது குறைந்தது. பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடும் குறைந்தது. தையில் முடித்துவிட்டதாகச் சொன்னார்.

காகிதத்தில் சரியாக இருந்தால் போதாது. முன்பு நெல் காயவைத்த சிமெண்டுக் களத்தில் முழு அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, குருவை உள்ளே அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். அது எங்கள் வழக்கம். ஒருமுறை ஒருவர் கதவு வைக்க மறந்துவிட்டார். குரு பொழுது சாயும்வரை கோட்டுக்கு வெளியிலேயே நின்றார். கடைசியில் மறந்தவர் அழுதுகொண்டே ஒரு கதவு வரைந்தார்.

கோதண்டன் கதவு வைத்திருந்தார். குரு செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து நுழைந்தார். நாங்கள் களத்தோரம் நின்றோம்.

"கக்கூஸ் எங்கண்ணே?" என்றாள் தையல்கார வசந்தா.

கோதண்டன் சிரிக்கவில்லை. விரலை நீட்டிக் காட்டினார்.

"இது?" என்றார் குரு.

"பட்டறை. தம்பி கப்பலுக்கு வேண்டிய உதிரிப் பாகம் எல்லாம் இங்க இருக்கு."

"இது?"

"வெல்டிங் வைக்கிற கை. ஒண்ணு பழுதானா இன்னொண்ணு."

குரு தலையாட்டினார். பின்பக்கம் போனார். எரிபொருள் தொட்டியின் ஓரமாகப் பாதத்துக்கு முன் பாதம் வைத்து அளந்தார். திரும்பி வந்து மறுபடி அளந்தார்.

"போறதுக்குச் சரியா இருக்கு. வர்றதுக்கு?"

கோதண்டன் தரையைப் பார்த்தார்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல குருவே. வந்து என்ன செய்யப்போறேன்?"

வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குரு கப்பலை விட்டு வெளியே வந்தார், கதவு வழியாகத்தான். மில்லுக்குள் போனார். நாங்கள் டீ போடும் ஸ்டவ்வையும் பெரிய பாத்திரத்தையும் தூக்கிவந்து களத்தின் கடைசி மூலையில் வைத்தார். தண்ணீர் ஊற்றிப் பற்றவைத்தார். பக்கத்தில் குந்தினார்.

தண்ணீர் முணுமுணுத்தது. பிறகு தளதளவென்று கொதித்தது. அவர் அணைக்கவில்லை. வற்ற வற்ற இன்னொரு சொம்பு ஊற்றினார்.

வசந்தாவுக்குப் பொறுக்கவில்லை. "டீத்தூள் எடுத்துட்டு வரட்டுமா குருவே?"

"டீ இல்லம்மா. உலை."

கோதண்டன் தன் சாக்பீஸ் கோட்டுக்குள்ளிருந்தே கேட்டார். "யாருக்கு உலை?"

"கடைக்கோடியில இருக்கிறவங்களுக்கு. அரிசி வருதுன்னு உங்க தம்பி சொல்லியிருந்தான். அன்னிலேர்ந்து கொதிச்சுக்கிட்டு இருக்கு."

கோதண்டன் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி எழுந்து எங்கள் பக்கம் சாய்ந்தது. மெல்லக் கீழே உட்கார்ந்தார், பட்டறைக்கும் தொட்டிக்கும் நடுவில்.

"சேர்த்துடறேன்" என்றார். "தம்பி கப்பலை ஓட்டிட்டுப் போய் அரிசியை இறக்கிடறேன். அதுக்கப்புறம் அங்கயே இருந்துக்கறேனே, குருவே."

குரு சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் பாத்திரத்தில் ஊற்றினார்.

"அப்ப காலிச் சாக்கை யார் கொண்டுவர்றது?"