எந்த மடி?

ரைஸ்மில் முதலாளி திருமலைராசு, தங்கச்சி செங்கமலத்திடம் ஒரு பத்திரத்தை நீட்டினார். ‘கட்டிக்கொடுத்த அன்றே பிறந்த வீட்டு உறவு விட்டுப்போனது, அப்பாவின் வாய்க்காலோர நிலத்தில் எனக்குப் பங்கில்லை’ என்று அதில் எழுதியிருந்தது.

“பாப்பா காதுகுத்து அன்னிக்குக் கையெழுத்துப் போடுறேண்ணே.”

அன்றைக்கு மேளதாளத்தோடு சீர்த்தட்டுகள் வந்தன. தாய்மாமன் திருமலைராசு மணையில் ஜம்மென்று உட்கார்ந்து, தங்கச்சி மகளை மடியில் வைத்துக்கொள்ளக் கை நீட்டினார். செங்கமலமோ பத்திரத்தை ஊர் கேட்கப் படித்தாள்.

“உறவே விட்டுப்போச்சுன்னா தாய்மாமன் ஏதுண்ணே? எந்திரிங்க. கையெழுத்தப் போட்டுட்டு வேற மடி பாத்துக்குறேன்.”

பந்தலே சிரித்தது. அவர் பத்திரத்தைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார். “பங்கு உண்டும்மா, பிள்ளையக் குடு!”

ஆசாரி குத்தியதும் பிள்ளை வீறிட்டது. மாமன் கண்ணிலும் தண்ணீர். அவருக்கு வலித்த இடம், வாய்க்காலோரத்து இரண்டு ஏக்கர்.