சங்கு ஊதுபவனின் தொண்டைக்கு ஒரு சான்று

முன்னொரு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, அரசவையில் இருந்தவர்கள் பின்வருமாறு: சிங்காசனத்தில் மன்னர், வலப்புறம் அரண்மனை வைத்தியர் சிவக்கொழுந்து, இடப்புறம் கணக்கர் தலைவர் உலகளந்தார், அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய மருமகன், தூணோரம் வசதியாகச் சாய்ந்தபடி விகடகவி நகைமுகன். வாசலில் சங்கு ஊதும் சடையன் மட்டும் இல்லை. அவனை உள்ளே விடக் கூடாதென்று தடை.

போன மாதம் மன்னருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அவைக்கு ஒருநாள் வராதவர் யாராக இருந்தாலும், நோயுற்றது உண்மை என்று வைத்தியர் கைப்பட எழுதிய சான்றோலை கொண்டுவர வேண்டும். இல்லையேல் பதவி போய்விடும். புதன்கிழமை சடையனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அவைக்கு வரவில்லை. மனைவி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மறுநாளே குரல் வந்துவிட்டது. ஓலை கேட்டுப் போனவனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த வைத்தியர், "நோயே இல்லையே அப்பா, எதற்குச் சான்று?" என்று அனுப்பிவிட்டார்.

"பிரபு, சடையன் இடம் காலி," என்றார் உலகளந்தார். "என் மருமகனுக்கு நல்ல மூச்சு."

சடையனின் பிள்ளைகள் நகைமுகனை மாமா என்றே கூப்பிடுவார்கள். அவன் நிமிர்ந்து கைகூப்பினான்.

"மகாராஜா, புதன்கிழமை தாங்களும் அவைக்கு எழுந்தருளவில்லை."

"பல்வலி ஐயா. உயிரே போய்விட்டது."

"சான்றோலை?"

"எனக்குமா?" என்றார் மன்னர்.

"யாராக இருந்தாலும் என்பது தங்கள் உத்தரவு. வைத்தியரே, வந்து பாரும்."

வைத்தியர் தயங்கித் தயங்கி அரச வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "வலிக்கிறதா பிரபு?"

"இப்போது இல்லை."

"அப்படியானால்..." என்று இழுத்தார் வைத்தியர்.

"நோயே இல்லை, எதற்குச் சான்று என்று சொல்லிவிடும்," என்ற நகைமுகன், உலகளந்தார் பக்கம் பணிவாகத் திரும்பினான். "தலைவரே, சிங்காசனமும் காலியாகிறது. அதற்கும் தங்கள் மருமகன்தானா?"

மருமகன் மாமனின் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கிக்கொண்டான். மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பாவி, வலியை மறுபடி கிளப்பிவிட்டாயே."

வைத்தியர் முகம் மலர்ந்தது. "இப்போது சான்று தரலாம் பிரபு."

"முதலில் சடையனுக்கு எழுதும்." தம் பட்டுச் சால்வையை நகைமுகன் தோளில் போட்டுவிட்டு, மன்னர் தாமே வாசகம் சொன்னார்: "புதனன்று சடையனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவன் சொன்னான், நாம் நம்புகிறோம். இன்னும் இரண்டு நாள் ஊத வேண்டாம். பிறகு வேலைக்கு வரவும்."

வைத்தியர் அடியில் தம் பங்குக்கு, 'கஷாயத்தை நிறுத்தாதே' என்று சேர்த்தார். ஓலையைச் சுருட்டி, அரக்கு உருக்கி, அரச முத்திரை பதித்து, குதிரைக்காரனிடம் கொடுத்துச் சடையன் வீட்டுக்கு அனுப்பினார்கள்.