தலையெல்லாம் கண்

“உள்ள இருக்க புழுவை வெளியில இருந்தே கண்டுபிடிக்க முடியுமா, அம்மா?”

ஆராய்ச்சிப் பண்ணையின் ஆய்வுக்கூட வாசலில் நின்றபடியே ஆதிமூலம் கேட்டார்.

இசக்கியம்மாள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எந்தப் பயிருல?”

“பயிருல இல்லம்மா. மனுசருக்குள்ள.”

அப்போதுதான் இசக்கியம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

ஆதிமூலத்துக்கு அறுபது வயது. முப்பத்திரண்டு வருடம் வேளாண் துறையில் குப்பை கொட்டியவர். வரப்பில் நின்றபடியே பயிருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். குனிந்து பார்க்கக்கூட மாட்டார். ஆற்றுப் பாசனம் முழுக்க சம்சாரிகள் அவர் கண்ணை நம்பித்தான் மருந்து அடித்தார்கள்.

அந்தக் கண்ணுக்கு வீட்டுக்குள் ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. மனைவி ஆவுடையின் வயிற்றில் கட்டி வளர்ந்ததை, வயிறு உப்பிய பிறகுதான் பார்த்தார். ஒரு வருடமாவது உள்ளே இருந்திருக்கும் என்றார் டாக்டர். இருபத்தோரு நாளில் எல்லாம் முடிந்துபோனது.

அந்த ஒரு வருடமும் அவள்தான் அவருக்குச் சோறு போட்டாள். அதை நினைக்க நினைக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அவருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஒரே மகள் செண்பகவல்லி வீட்டுக்குப் போனால், வந்ததும் வராததுமாக அவள் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். நகத்தை அழுத்திப் பார்ப்பார். அவள் எத்தனை கவளம் சாப்பிடுகிறாள் என்று எண்ணுவார். ஆடிமாதம் ஒருநாள் மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

“இப்படிப் பாக்கதா இருந்தா இனிமே இங்க வராதீங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு.”

அதையும் மறைக்காமல் இசக்கியம்மாளிடம் சொன்னார் ஆதிமூலம்.

“அடையாளம் தெரியாமத்தான தடவிக்கிட்டு நிக்கேன். அதை மட்டும் கத்துக் குடுங்க. எம் மவளையாவது காப்பாத்திக்கிடுதேன்.”

இசக்கியம்மாளுக்கு அவரைவிடப் பத்தொன்பது வயது குறைவு. பதினெட்டு வருடமாகப் பெருந்தலை ஈக்களைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காதவர். கொசு அளவுதான் அந்த ஈ. அதற்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார் என்று பண்ணையில் கேலி பேசுவார்கள்.

முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஒரு வலையை எடுத்து நீட்டினார்.

“நூறு தத்துப்பூச்சி பிடிச்சிட்டு வாங்க, அண்ணாச்சி.”

நெல்வயலில் பச்சைத் தத்துப்பூச்சிக்கா பஞ்சம்? அரைமணி நேரத்தில் கொண்டுவந்து வைத்தார்.

“இந்த ஈ தத்துப்பூச்சியைத் தூக்கும்,” என்றார் இசக்கியம்மாள். “பறந்துக்கிட்டே அது வயித்துல ஒரு முட்டையைச் செருகும். கீழ விட்டுரும். தத்துப்பூச்சி பழையபடி நெல்லுச் சாறைக் குடிச்சிக்கிட்டுக் கெடக்கும். உள்ள புழு அதைக் குடிச்சிக்கிட்டுக் கெடக்கும்.”

“அப்புறம்?”

“வயித்தைக் கிழிச்சிக்கிட்டு வெளிய வரும்.”

ஆதிமூலம் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“புழு இருக்கதை ஒரு ஜாடியில போடுங்க. இல்லாததை இன்னொண்ணுல போடுங்க.”

முப்பத்திரண்டு வருடக் கண்ணல்லவா. மத்தியானத்துக்குள் பிரித்துவிட்டார். இருபத்தேழு ஒரு ஜாடியில், எழுபத்துமூன்று மற்றதில்.

“அறுங்க.”

சிறிய கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். இருக்கிறது என்று போட்டதில் பாதிக்கு மேல் இல்லை. இல்லை என்று போட்டதில் பதினோரு புழு.

“நாளைக்கு இன்னும் நூறு,” என்றார் இசக்கியம்மாள்.

நாளைக்கு என்றது கார்த்திகை வரை நீண்டது. ஆதிமூலம் பூச்சி துள்ளும் தூரத்தை அளந்தார். நிறம் மங்குகிறதா என்று பார்த்தார். எவ்வளவு குடிக்கிறது, எங்கே உட்கார்கிறது என்று நோட்டு நோட்டாக எழுதினார். வயிறு உப்பிய பூச்சியை மட்டும் தவறாமல் சொல்ல வந்தது. உப்பியது மறுநாளோ அதற்கு மறுநாளோ செத்துவிடும். அதற்கு அவர் தேவையில்லை.

அறுத்தால் தெரிந்தது. அறுத்தபின் பூச்சி இல்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், வயலுக்குப் போக வழியில்லாமல், ஈக்களை இனம் பிரிக்கும் வேலையைக் கொடுத்தார் இசக்கியம்மாள். ஆதிமூலம் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு தலை தலையாகப் பார்த்தார்.

“தலையில என்னத்தத் தேடுதீங்க?”

“கண்ணுல ஏதாவது வித்தியாசம் இருக்குமேன்னு பாக்கேன்.”

“எல்லாத்துக்கும் ஒரே தலைதான். தலை பூரா கண்ணு. ஆம்பிளை ஈக்கு வால் நுனியைப் பாருங்க. அதை வச்சுத்தான் இன்னாருன்னு பேரு சொல்லுவோம்.”

“பொம்பளை ஈக்கு?”

இசக்கியம்மாள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துத் திறந்தார். நூற்றுக்கணக்கான ஈக்கள் ஊசிகளில் நின்றன. ஒவ்வொன்றின் கீழும் இடமும் தேதியும் எழுதிய சின்னச் சீட்டு.

“எந்த ஊருல பிடிச்சோம், என்னைக்குப் பிடிச்சோம், எல்லாம் தெரியும். யாருன்னுதான் தெரியாது.”

ஆதிமூலம் அந்தப் பெட்டியை உடனே மூடிவிட்டார். முப்பத்தாறு வருடம் கூட இருந்தவளுக்கு என்ன பிடிக்கும் என்று மகள் கேட்டு, பதினாறாம் நாள் படையலன்று அவர் விழித்தது நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்தது.

மார்கழியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“வித்தையை ஒளிச்சு வச்சுக்கிட்டு என்னைய அலைக்கழிக்கீங்க. பதினெட்டு வருசம் பாத்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?”

“தெரியாது, அண்ணாச்சி.”

“இதுக்குத்தானா நான் அஞ்சு மாசமா—”

பேச்சு அப்படியே நின்றுபோனது. தாழ்வாரத்தில் நெல் நாற்றும் தத்துப்பூச்சிகளும் வைத்த வலைக்கூண்டுக்குள் ஒரு பெருந்தலை ஈ அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. உடம்பு நூல்போல இருந்தது. அதன்மேல் பெரிய உருண்டைத் தலை. அந்தத் தலையில் கண்ணைத் தவிர ஒன்றுமே இல்லை. நெல் தாளுக்குத் தாள் நகர்ந்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று நின்று பார்த்தது.

“இதுக்குத் தெரியும்,” என்றார் ஆதிமூலம்.

“எது?”

“இந்த ஈக்கு. பெத்தவ தம் பிள்ளையைக் காலியா இருக்க வயித்துலதான வைப்பா? ஏற்கெனவே புழு இருக்க பூச்சியை இது தொடாது. தொடாம விடுததை நான் பாத்துக்கிட்டே இருந்தா அடையாளம் தானா வந்துரும். இவ்வளவு கண்ணு இருக்கே, அம்மா. இதுக்குத் தெரியாம இருக்குமா?”

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை இசக்கியம்மாள் அதுவரை பார்த்ததில்லை.

“பாருங்க,” என்றார்.

மூன்று பகல் கூண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்த சோறு தூக்குச்சட்டியிலேயே கெட்டுப்போனது. ஈ பல பூச்சிகளை விட்டுவிட்டுப் போனது. விட்டதையெல்லாம் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் மத்தியானம் அது சட்டென்று பாய்ந்து ஒரு தத்துப்பூச்சியைத் தூக்கியது. கூண்டுக்குள் அரைவட்டம் அடித்தது. கீழே போட்டது.

ஆதிமூலம் அந்தப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

“சுத்தமான பூச்சி, அம்மா. இதைத்தான் எடுத்துச்சு.”

“அறுங்க.”

அறுத்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

வயிற்றில் ஒரு புழு இருந்தது. பல நாள் தின்று வளர்ந்த புழு.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பக்கத்துல பாருங்க,” என்றார் இசக்கியம்மாள்.

புழுவுக்குப் பக்கத்தில் ஒரு முட்டை. அப்போதுதான் வைத்தது.

“இது பொரிச்சா என்ன ஆகும்?”

“அநேகமா பெரிசு சின்னதைக் கொன்னுரும்.”

“தெரிஞ்சேவா கொண்டுபோய் வச்சுது?”

“தெரியாது, அண்ணாச்சி. அதுக்கும் தெரியாது.”

ஆதிமூலத்தின் தோள் இரண்டும் தளர்ந்தன. ஒன்றரை வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியதுபோல மூச்சு விட்டார். ஏறக்குறைய சிரித்தார் என்றே சொல்லலாம்.

“தலை பூரா கண்ணு இருந்தும் அதுக்கே தெரியல. அப்ப நான் எம்மாத்திரம்? எந்தக் கொம்பன் பாத்தாலும் தெரிஞ்சிருக்காது. அப்படித்தான அம்மா?”

“பாத்தா தெரியாதுதான்.”

இசக்கியம்மாள் கத்தியைக் கழுவி, துடைத்து, பெட்டியில் வைத்தார்.

“தத்துப்பூச்சிக்கு வாய் உறிஞ்சுததுக்குத்தான் இருக்கு, அண்ணாச்சி. கேட்டாலும் அது பேசாது.”

சொல்லிவிட்டு அடுத்த ஈயை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தார்.

ஆதிமூலம் எழுந்து வெளியே வந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த ஒரு வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், என்ன செய்கிறது உனக்கு என்று ஆவுடையிடம் கேட்டிருக்கிறாரா? வரப்பில் நடந்தபடி யோசித்தார். மோட்டார் கொட்டகை வரை நடந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கொட்டகைச் சுவரில் சாய்ந்து செல்போனை எடுத்தார்.

“என்னப்பா?” செண்பகவல்லியின் குரல் கடுகடுவென்று வந்தது. “சாப்பிட்டேன். தூங்குனேன். எடை குறையல. போதுமா?”

“அது இல்ல, வல்லி.”

“பின்ன?”

“நீ எப்படிம்மா இருக்க?”

அவர் காதை போனோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

மகள் அழ ஆரம்பித்தாள்.