செம்பியின் வாயில் சிக்கிய குங்கிலியம்

மலையடிக் காட்டில், ஒரு மருத மரத்தின் வேருக்கடியில் எறும்புப் புற்று ஒன்று இருந்தது. அதன் நடு அறையில், விதைக்கிடங்கின் சுவரை ஒட்டி, செம்பி என்ற எறும்பு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு ஒரே வேலைதான். வெளியே போகும் எறும்புகள் புல்லில் கசியும் தேன்துளியைக் கொண்டுவந்து அவள் தாடைகளுக்கு நடுவே வைப்பார்கள். அதைக் கவ்வியதும் அவள் உடம்பு தானாக வளையும். பின்பக்கம் சுவரில் டக் டக்கென்று தட்டும். உடனே கிடங்கைத் திறந்து, விதைகளை மென்று, எல்லோருக்கும் ஊட்டுவார்கள். துளி கரைந்ததும் செம்பி நிமிர்வாள், கிடங்கும் மூடப்படும். தட்டாமல் ஒரு விதையைத் தொடக்கூடாது, தட்டினால் ஏனென்று கேட்கக்கூடாது. அந்தப் புற்றில் அப்படியொரு சட்டம், யார் போட்டதோ!

அந்த வருடம் புல்லில் தேனே கசியவில்லை. தட்டல் இல்லாததால் திறக்கப்படாத கிடங்கு கழுத்துவரை நிரம்பி, ஈரத்தில் பூஞ்சை பிடித்தது. அந்த நாற்றத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக நோயில் விழுந்தன. தேன் தேடிப் போன நெடுங்காலி என்ற எறும்பு வழியில் ஒரு கருவண்டைக் கண்டாள். அழாக்குறையாக எல்லாவற்றையும் சொன்னாள்.

வண்டு ஒரு குங்கிலியப் பிசின் மணியை உருட்டிவிட்டது. "தேன்துளி அளவுதான். உங்க செம்பி வாய்க்கு வித்தியாசமே தெரியாது."

"வாயில சரியா உட்காருமா, வண்டண்ணே?"

"தேன்துளியைவிடக் கச்சிதமா உட்காரும்!"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல வண்டுக்கு என்ன தலையெழுத்தா?

மணியைக் கவ்வியதும் செம்பி வளைந்தாள், தட்டினாள். கிடங்கு திறந்தது. பூஞ்சை பிடித்ததை வெளியே தள்ளி, நல்ல விதைகளை ஊட்டினார்கள். குஞ்சுகள் தேறின. நெடுங்காலியைப் புற்றே தலையில் தூக்கிவைத்து ஆடியது.

செம்பி மட்டும் மூன்றாம் நாளும் தட்டிக்கொண்டே இருந்தாள். வாயிலிருந்த மணி இம்மியும் கரையவில்லை. துப்பப் பார்த்தாள், தாடை திறக்கவில்லை. போதும் என்று கத்தத் தோன்றியது. வாய் நிறையப் பிசினை வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? மீசையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். பார்த்தவர்கள், அக்கா இன்று நல்ல குஷியில் இருக்கிறாள் என்று பேசிக்கொண்டு போனார்கள். அவளுடைய உடம்பே அவள் பேச்சைக் கேட்காமல் தட்டிக்கொண்டிருந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்!

பிறகு அடைமழை பிடித்தது. யாராலும் வெளியே போக முடியவில்லை. உள்ளே தட்டல் ஓயவில்லை, ஊட்டுவதும் ஓயவில்லை. கிடங்கு பாதியானபோது காவல் எறும்புகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சட்டத்தை நினைத்து அடுத்த விதையை எடுத்துக் கொடுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் விதைகள் சரியும் சத்தம் நாளுக்கு நாள் தேய்வதைச் செம்பி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் வெறும் தரையைச் சுரண்டும் சத்தம் வந்தது.

நெடுங்காலி ஓடிவந்தாள். அன்றுதான் செம்பியின் வாயை அருகில் போய்ப் பார்த்தாள்.

"அக்கா, இது கரையவே இல்லையா?"

நாலு பேர் சேர்ந்து இழுத்தும் மணி அசையவில்லை.

"தாடையை அறுத்தாத்தான் தட்டறது நிக்கும். என்னை மன்னிச்சிடுக்கா."

செம்பி தாடையை முன்னால் நீட்டிக்கொடுத்தாள்.

தட்டல் நின்றது. மழை நிற்கவில்லை. கிடங்கில் மூடிவைக்க ஒரு விதைகூட மிச்சமில்லை. பூஞ்சைக்குத் தப்பிய குஞ்சுகள் பசியில் ஒவ்வொன்றாகச் சுருண்டன. கடைசிக் குஞ்சுக்குத் தன் வயிற்றில் இருந்த கொஞ்சத்தையாவது ஊட்டலாம் என்று செம்பி ஊர்ந்து போனாள். ஊட்டுவதற்கு அவளிடம் வாய் இல்லை.

ஒன்றைத் தொடங்கிவைக்கும் மருந்தைக் கையில் வாங்கும்போதே, அதை நிறுத்தும் வழியையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.