சேஃப்டி போட்டிருந்தால் வெடிக்காது

முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன். யார், எந்த நேரத்தில், என்ன தெரிந்து, என்ன செய்தார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

தேனியில் சவரிமுத்து என்பவர் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். லைசென்ஸ் உள்ள தோட்டக்காரர்கள் பயிர்க் காவலுக்கு அங்கேதான் துப்பாக்கி வாங்குவார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நனைந்த தோட்டாவை வெயிலில் காயவைத்தால் புதிதாகிவிடும் என்பார் ஒருவர். ரவைத் தோட்டாவுக்குக் குறியே வேண்டாம், அதுவே பரவிப் பிடித்துக்கொள்ளும் என்பார் இன்னொருவர். சவரிமுத்து கேட்டுச் சிரிப்பார். ஆனால் முப்பது வருடமாக, விற்ற ஒவ்வொரு துப்பாக்கியோடும் அவரும் ஒரு பேச்சைச் சேர்த்துத்தான் அனுப்பினார்: "சேஃப்டி போட்டிருந்தா வெடிக்காது. தோட்டா ஏத்திச் செவத்துல மாட்டிட்டு நிம்மதியாத் தூங்குங்க."

மெகருன்னிசா அந்தக் கடையில் பழுது பார்க்கச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. லேத் பட்டறையில் கை பழகியவள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சவரிமுத்து சொல்லியிருந்தார். அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோம்பையிலிருந்து சுருளிவேல், அங்கே வாங்கிய தன் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வந்தார். ஐந்து மாதத்துக்கு முன் அது அவர் வீட்டில் வெடித்திருந்தது. மனைவியின் தம்பி மலைச்சாமி, சுவரில் தொங்கிய குடையை எடுக்கப் போனபோது பக்கத்தில் தோட்டா ஏற்றி மாட்டியிருந்த துப்பாக்கி நழுவி விழுந்தது. வெடித்ததில் கூரை ஓடு சிதறியது. மலைச்சாமிக்கு வலது காது கேட்காமல் போயிற்று. தான் விசையைத் தொடவே இல்லை என்று அவன் சத்தியம் செய்தான். சுருளிவேல் நம்பவில்லை. விளையாட்டுக்கு இழுத்துப் பார்த்திருக்கிறான், இப்போது பொய் சொல்கிறான் என்று அவனை வீட்டைவிட்டுத் துரத்தினார். அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் இதை விசாரிக்கப்போகிறார்கள்.

"துப்பாக்கில கொற இல்லன்னு கடைத் தாள்ல எழுதிக் குடுங்க முதலாளி. அது போதும்" என்றார் சுருளிவேல்.

"சேஃப்டி போட்டிருந்துச்சுல்ல? அப்ப அந்தப் பய தொட்டுத்தான் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே சவரிமுத்து எழுதத் தொடங்கினார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏம்மா, கொற எதுவும் இருக்கான்னு ஒரு தடவ பாத்துரு" என்றார்.

மெகருன்னிசா துப்பாக்கியைப் பிரித்தாள். துரு இல்லை, தேய்மானம் இல்லை, வில் தளரவில்லை. குறை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்றைக் கண்டு அவள் கை நின்றது. இந்த வகைத் துப்பாக்கியில் சேஃப்டி என்கிற பாதுகாப்புப் பூட்டு விசையை மட்டும்தான் தடுக்கிறது. உள்ளே இழுபட்டு நிற்கும் சுத்தியலை அது தொடுவதே இல்லை. பலமாக அடிபட்டால், விசையை யாரும் தொடாமலே சுத்தியல் விடுபடலாம்.

அவளிடம் கேட்டது, குறை இருக்கிறதா என்று. இல்லை என்று சொன்னால் அது பொய்யாகாது. முதலாளி எழுதும் தாள் சுருளிவேல் கைக்குப் போய்விடும், அவள் வேலையும் நிலைக்கும். அவள் முன்பின் பார்த்திராத ஒருவன் ஊர்முன் பொய்யனாக நிற்பான்.

"துப்பாக்கில கொற இல்ல முதலாளி" என்றாள். "ஆனா சேஃப்டி போட்டிருந்தாலும் இது வெடிக்கும்."

சவரிமுத்துவின் முகம் சிவந்தது. "மூணு வாரம் ஆச்சு நீ வந்து. முப்பது வருசமாச் சொல்றேன் நான்."

அவள் பிரித்த துப்பாக்கியை மறுபடி சேர்த்தாள். வெடிமருந்தும் ரவையும் இல்லாமல், சுத்தியல் பட்டால் சத்தம் மட்டும் போடும் கேப் உள்ள வெற்றுத் தோட்டாவைப் போட்டாள். சேஃப்டியைப் போட்டு அவரிடமே காட்டினாள். குழலை மேலே பார்க்க நிறுத்தி, மரக்கட்டைப் பக்கம் தரையில் மோதும்படி கீழே விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து முறை விட்டும் ஆகவில்லை. சவரிமுத்து சிரிக்கத் தொடங்கினார். ஆறாவது முறை 'டப்' என்றது.

சவரிமுத்து எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளில் எழுதினார்: 'துப்பாக்கியில் குறை இல்லை. நான் சொல்லி விற்றதுதான் தவறு. விசையைத் தொடாமலும் இது வெடிக்கும்.' அதோடு அவர் நிற்கவில்லை. பதிவேட்டில் இருந்த அத்தனை பேருக்கும், தோட்டாவைக் கழற்றி வைக்கச் சொல்லித் தன் கைப்பட அஞ்சலட்டை போட்டார். இவர் பேச்சை நம்பியா இத்தனை வருடம் வாங்கினோம் என்று பலர் மதுரைக் கடைக்கு மாறினார்கள். மெகருன்னிசாவுக்கு மறுநாளே வேலையை நிரந்தரமாக்கினார்.

சுருளிவேல் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. கடை சொன்னதைத்தான் செய்தேன் என்று ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. அன்றே பஸ் ஏறி, மலைச்சாமி திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த தோட்டத்துக்குப் போனார். வலப்பக்கம் நின்று "மாப்ள" என்றார். அவன் திரும்பவில்லை. காரணம் உறைத்ததும் சுற்றி இடப்பக்கம் போனார்.

"மாப்ள, நீ தொடல. தோட்டா ஏத்தி மாட்டி வச்சது நான். சத்தியம் பண்ணியும் ஒன்னய நம்பாம விட்டுட்டேன்" என்று வேலையாட்கள் எல்லோரும் கேட்கச் சொல்லிக் கைகூப்பினார்.

மலைச்சாமி தூக்கிய பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தான். "அக்கா எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

வேலையைப் பணயம் வைத்தவள் மெகருன்னிசா. முப்பது வருட நற்பெயரை விட்டுக்கொடுத்தவர் சவரிமுத்து. நாலு பேர் முன் கைகூப்பியவர் சுருளிவேல். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது பெரிது?

சுருளிவேல் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். மெகருன்னிசாவும் அப்படித்தான் சொல்கிறாளாம். ஆனால் என் தீர்ப்பு அவளுக்கே. அந்தச் சத்தம் கேட்ட பிறகு மற்ற இருவருக்கும் இருந்தது இரண்டே வழி: ஒப்புக்கொள்வது, அல்லது பொய் சொல்வது. நல்லவர்கள், ஒப்புக்கொண்டார்கள். அவளுக்கோ மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லி, மீதியை விழுங்கிவிடலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்த வழியில் அவள் போகவில்லை.