இடது பக்கத்து ஜால்ரா

மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஜெசிந்தாவின் பட்டறை இருக்கிறது. ஆம்பிளிஃபயர், சிடி பிளேயர், ஸ்பீக்கர் என்று பாட்டுப் பாடும் எதுவானாலும் அங்கே பழுது பார்ப்பாள். வயது முப்பத்தாறு.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் கூடலிங்கம், வயது அறுபத்திரண்டு. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் பொழுது போகாமல், "எனக்கும் சொல்லிக் குடும்மா" என்று வந்து உட்கார்ந்தவர். ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். இதில் யார் குரு என்று புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் குழப்பமாக இருக்கும்.

பட்டறையின் முதல் பாடம் ஒன்றுதான். ஒரு பக்கம் சத்தம் சரியில்லை என்று யாராவது பெட்டியைத் தூக்கி வந்தால் உடனே ஸ்குரூவைக் கழற்றக் கூடாது. இடது வயரை வலதிலும் வலது வயரை இடதிலும் மாற்றிப் போட வேண்டும். கோளாறு வயரோடு சேர்ந்து மறுபக்கம் போனால் பெட்டியில் குற்றம். இருந்த பக்கத்திலேயே நின்றால் பெட்டி நிரபராதி, அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் குற்றம். கூடலிங்கம் இதை நூறு வாடிக்கையாளர்களுக்காவது சொல்லியிருப்பார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

ஒரு சனிக்கிழமை காலை அவர் தன் வீட்டு சிடி பிளேயரையும் ஹெட்போனையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"இந்தப் பிளேயரையே வெச்சுக்கிட்டு, வெளியில தனியா ஒரு டிஜிட்டல் கன்வெர்ட்டர் மாட்டலாமா? இல்ல, புதுப் பிளேயராவே வாங்கிரலாமா?"

சிடியில் எண்களாக இருப்பதை ஒலியாக மாற்றுவது கன்வெர்ட்டர். பிளேயருக்குள் ஒன்று இருக்கும். இன்னும் நல்லதாக வேண்டும் என்றால் தனிப் பெட்டியாகவும் கிடைக்கும். நோட்டின் ஒரு பக்கம் முழுக்க அந்தப் பெட்டியின் பெருமை, எதிர்ப்பக்கம் முழுக்கப் புதுப் பிளேயரின் பெருமை. மூன்று மாத உழைப்பு. தன் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோதுகூட மனிதர் இத்தனை பார்த்திருக்க மாட்டார்.

ஜெசிந்தா நோட்டைப் படிக்கவில்லை.

"இப்போ இருக்குறதுல என்ன கோளாறு?"

"இடது பக்கம் மங்கிருச்சு. ஜால்ரா கேக்கவே மாட்டேங்குது."

"எந்த ஜால்ரா?"

"எங்க தெரு மார்கழி பஜனை. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரெக்கார்ட் பண்ணுனது. ஜால்ரா தட்டுனது எங்க வீட்டுலதான். மைக்குக்கு இடது பக்கமா நின்னா."

வீட்டில் என்று அவர் சொல்வது மனைவி அங்கயற்கண்ணியை.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"வெள்ளிக்கிழமை ஓசூருக்குப் போறா, மகன் வீட்டுக்கு. இனிமே அங்கேயேதானாம்."

ஜெசிந்தா கையிலிருந்த ஈயப் பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்தாள்.

"ஏன் சார்?"

"என்னத்தச் சொல்ல. முன்னெல்லாம் வாய் ஓயாது. ஒரு வருஷமா என்னமோ வாய்க்குள்ளேயே முணுமுணுங்குறா. சத்தமாப் பேசுடின்னா கோவம் வருது. இப்போ பேசுறதையே நிப்பாட்டிட்டா. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலைன்னு கேட்டுட்டு, பெட்டியைக் கட்டிட்டா." "போறவ போகட்டும். அந்த ஜால்ராவாவது எனக்குத் தெளிவாக் கேக்கணும். அதுக்குத்தான் எது நல்லதுன்னு உங்ககிட்ட வந்தேன்."

முப்பத்தைந்து வருடம் கூட இருந்தவள் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், இவர் பிளேயர் தேடிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஜெசிந்தாவுக்குப் பாவமாக இருந்தது. எனக்கும்தான்.

"மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?"

கூடலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவ டிவியில சீரியல் பாப்பா, நான் ஹெட்போன்லதான் கேப்பேன். ஒத்தை வயரு. அதுல எதைன்னு மாத்துறது, டீச்சர்?"

ஜெசிந்தா சிடியைப் போட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். பிறகு கழற்றி, அதே பாட்டை மறுபடி வைத்து, அவர் தலையில் மாட்டினாள்.

"ஜால்ரா வருதா?"

"இல்ல."

ஹெட்போனை எடுத்துத் திருப்பினாள். இடது காதுக்கானது வலது காதில் வரும்படி மறுபடி மாட்டினாள்.

கூடலிங்கத்தின் கண்கள் அகலமாயின.

"டீச்சர், வருது! அவளேதான்! ரெண்டாவது தட்டு எப்பவும் கொஞ்சம் முந்தி விழும். அப்படியே விழுது பாருங்க!" முழங்காலில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். "என்ன பண்ணுனீங்க?"

"மாத்திப் போட்டேன். இடது பக்கம் இப்போ என்ன கேக்குது?"

கவனித்தார்.

"மிருதங்கம். இவ்வளவு நாள் வலது பக்கம் கணீர்னு கேட்டது. இப்போ மங்கலா..."

தாளம் போட்ட கை நின்றது. நூறு பேருக்குச் சொன்ன பாடம் அல்லவா, விளங்க அதிக நேரம் ஆகவில்லை. ஹெட்போன் திரும்பிவிட்டது, கோளாறு அதோடு போகவில்லை. இருந்த பக்கத்திலேயே நின்றது. அவர் கை மெதுவாக எழுந்து தன் இடது காதைத் தொட்டது.

பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிடும்போது அம்மா எந்தப் பக்கம் உக்காருவாங்க சார்?"

"இந்தப் பக்கம்." இடது கையைக் காட்டினார். "கல்யாணமான நாள்லேர்ந்து இந்தப் பக்கம்தான்."

ஜெசிந்தா சிடியை எடுத்து உறையில் போட்டாள்.

"ரொம்பத் திட்டியிருக்கேன் டீச்சர். வாயில என்ன கொழுக்கட்டையான்னு, மருமக முன்னாடியே கேட்டிருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோட்டை மூடினார். ஏதாவது ஒன்றைக் கடையில் வாங்கி இதைச் சரி செய்துவிட முடியாதா என்று இன்னும் மனசு அடித்துக்கொண்டது போலும்.

"இப்போ நான் எதைத்தான் வாங்கட்டும்?"

"ஒண்ணும் வாங்க வேணாம். திங்கக்கிழமை காது டாக்டர்கிட்டப் போவோம், நானும் வர்றேன்" என்றாள் ஜெசிந்தா. "இன்னைக்கு மத்தியானம் சாப்பிடும்போது, அவங்களை எந்திரிச்சு வரச் சொல்லாதீங்க சார். நீங்க எந்திரிச்சு, உங்க வலது காது அவங்க பக்கம் வர்ற மாதிரி, அவங்களுக்கு அந்தப் பக்கமாப் போய் உக்காருங்க."