தூணை நிறுத்தச் சொன்ன அரசன்

முதலில் நடந்ததை முதலில் சொல்கிறேன். அடுத்ததை அடுத்ததாகச் சொல்கிறேன். வரிசை கலைந்தால் குற்றம் ஆள் மாறிவிடும். அதனால் பெரியவர்களும் சிறியவர்களும் வரிசையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைகளுக்கெல்லாம் மன்னர்கள் தங்கள் பெயரை வைத்துக்கொண்டிருந்த ஒரு காலத்தில், பேரேரி நாட்டை நெடுங்கோவன் என்றொரு அரசன் ஆண்டான். அவன் ஒரு போரில் வென்றான். வென்றதை நாடு மறந்துவிடக்கூடாது என்று கல்லால் ஒரு மண்டபம் கட்டத் தொடங்கினான். அந்த வேலையில் நடந்த குற்றங்கள் இவை.

முதல் குற்றம். தூண்கள் இன்னும் உயரமாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று அரசனுக்குத் தோன்றியது. அமைச்சரிடம் சொன்னான். அமைச்சர் தலைமைச் சிற்பியிடம் சொன்னார். மலையடியில் உளி பிடித்திருந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் பழைய அளவிலேயே வெட்டினார்கள். கல் குட்டையாகிவிட்டது என்று அவர்களுடைய கூலிநெல்லை நிறுத்திவைத்தார்கள்.

இரண்டாம் குற்றம். மதகைத் திறக்கப்போகிறோம், ஆற்றோரக் குடிசைகளைக் காலி செய்யுங்கள் என்று முரசறைந்தார்கள். முரசு அரண்மனை வாசலில் அறையப்பட்டது. குடிசையில் இருந்த குழிவெட்டிகள் மலைக்கு அந்தப் பக்கம் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்தது. சட்டி பானையெல்லாம் மிதந்து போயின. "முரசு அறைந்தோமே, உங்களுக்குக் காது இல்லையா?" என்று கேட்டார்கள்.

மூன்றாம் குற்றம். கல்லைக் கணவாய் வழியாக ஏற்றுங்கள் என்று வண்டிக்காரர்களுக்குச் சொல் வந்தது. யார் சொன்னது என்று அவர்கள் கேட்டார்கள். மேலிடம் என்று பதில் வந்தது. ஏற்றினார்கள். காளைகள் கால் ஒடிந்து விழுந்தன. பிறகு, அந்த வழியை யார் சொன்னது என்று மேலிடமே வண்டிக்காரர்களைக் கேட்டது.

சொல்ல வேண்டியவருக்குச் சொல்லவில்லை. கேட்க முடியாத இடத்தில் சொன்னார்கள். சொன்னவர் பெயரை மறைத்தார்கள். மூன்று முறையும் அடி வாங்கியவர்கள் கீழே இருந்தவர்கள். மூன்று முறையும் அவர்கள் முணுமுணுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். முணுமுணுப்பு எந்த அரண்மனைக்கும் கேட்டதில்லை.

இனி நான்காவது.

மண்டபத்தின் நடுத்தூணைத் தூக்கும் நாள் நெருங்கியது. கயிறு இழுக்கும் கூட்டத்துக்கு உலகி என்றொரு பெண் குரல் கொடுப்பாள். அவள் கூவினால் அத்தனை கையும் ஒன்றாய் இழுக்கும். அவள் அடங்கினால் அத்தனை கையும் ஒன்றாய் நிற்கும். குரல்தான் அவள் சோறு. வாய்த்துடுக்கும் அதற்குக் குறையாதது. பெரிய வீட்டு ஆட்கள் அவளைக் கண்டால் சுற்றுவழியாகப் போவார்கள்.

அன்று காலை மழை பெய்து குழி சேறாகிக் கிடந்தது. தலைமைச் சிற்பி அரண்மனைக்கு ஓடினார். ஈரக்குழியில் தூண் நிற்காது, காயவேண்டும் என்று அரசனிடம் முறையிட்டார். அரசன் அப்போது எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற அமைச்சர் விடங்கரைப் பார்த்துச் சொன்னான்:

"தூணை நிறுத்தச் சொல்லும்."

வேலை வேண்டாம், நிற்கட்டும் என்பது அரசன் நினைத்தது. சிற்பிக்கும் அப்படியே புரிந்தது. அவர் நிம்மதியாக வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

விடங்கர் வாசலுக்கு வந்தார். குதிரைத் தூதன் நக்கனைக் கூப்பிட்டார். "தூணை நிறுத்தச் சொல்லி ஆணை. ஓடு" என்றார். நக்கன் ஓடினான். ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. குதிரைக்குத் தெரிந்த அளவுதான் அவனுக்கும் தெரியும்.

மண்டபத்தடியில் வந்து, குதிரையை விட்டு இறங்காமலே கூவினான்:

"அரசாணை! தூணை நிறுத்துங்கள்!"

கல்வேலை செய்கிறவர்கள் காதில் அந்தச் சொல் எப்படி விழும்? தூணைத் தூக்கி நட்டுவைப்பதை அவர்கள் வேறென்னவென்று சொல்வார்கள்? அப்பன் காலத்திலிருந்து அதற்கு அவர்களிடம் ஒரே சொல்தான். நிறுத்துவது.

உலகி குழியைப் பார்த்தாள். "ஐயா, குழி சேறாகக் கிடக்கிறதே. நிறுத்தவா சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"நிறுத்து என்றால் நிறுத்து."

"யார் சொன்னது?"

"மேலிடம்."

"மேலிடத்தில் யாரைப் போய்க் கேட்பது?"

"கேட்பது உன் வேலையில்லையடி. கத்துவதுதான் உன் வேலை. கத்து!"

குதிரை திரும்பிவிட்டது.

உலகி கூவினாள். கைகள் இழுத்தன. தூண் எழுந்தது, நின்றது. நின்றதைப் பார்த்து எல்லாரும் மூச்சு விட்டார்கள். அடியில் மண் மெல்ல வாய் திறந்தது. தூண் சாய்ந்தது. மூன்று பேர் அதன் கீழே போனார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையிடத்தில் உயிர் போனால், அதற்குக் காரணமானவரின் பெயரை அதே இடத்தில், ஏழூர்ச் சாட்சிகளின் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். சாட்சிகள் எழுந்து நின்று கேட்டால்தான் அந்தப் பெயர் செல்லும். பெயர் வாசிக்கப்பட்டவரின் குரலுக்கு அதற்குப் பிறகு அந்த நாட்டில் ஒரு கையும் அசையாது. பெயர் வாசிக்கப்படும்வரை யாரும் அங்கே கல்லைத் தொடவும் மாட்டார்கள்.

ஏழூர்க்காரர்கள் வந்தார்கள். அரசன் வந்தான். முரசறைவோன் வந்தான். வாசிக்க வேண்டிய பெயரை விடங்கர் முன்கூட்டியே அவனிடம் சொல்லி வைத்திருந்தார். அது உலகியின் பெயர்.

"இழு என்று கூவியது இவள்" என்றார் விடங்கர். "ஆணை தெளிவானது. பால்குடிக்கும் பிள்ளைக்கும் புரியும். இவளுக்குப் புரியவில்லை."

"கூவியது நான்தான்" என்றாள் உலகி. "என் குரலை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். செத்தவர்களில் ஒருவன் என் தம்பி. ஆனால் தெளிவு என்று சொன்னீர்களே, அதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுவோம். அரசர் தம் வாயாலேயே அந்தச் சொல்லைச் சொல்லட்டும். என் ஆட்கள் வேண்டாம். அரண்மனை ஆட்களே போதும். அவர்கள் படித்தவர்கள், வெள்ளை வேட்டிக்காரர்கள்."

அரசனுக்கு வெயில் படாமலிருக்க அரண்மனை ஆட்கள் நால்வர் அப்போதுதான் பந்தல்கால் ஒன்றைப் பாதிக்கு மேல் தூக்கியிருந்தார்கள். துணி அதன் நுனியில் தொங்கியது. கீழே விடங்கர் நின்றார். உலகி அதைக் கையால் காட்டினாள்.

அரசன் சிரித்தான். இது என்ன பெரிய சோதனை என்று நினைத்தான். நால்வரையும் பார்த்து உரக்கச் சொன்னான்:

"நிறுத்துங்கள்!"

இருவர் கையை விட்டார்கள். இருவர் மேலே தள்ளினார்கள். பந்தல்கால் முறுக்கிக்கொண்டு சரிந்தது. பந்தல்துணி முழுவதும் விடங்கரின் தலையில் விழுந்தது.

நால்வரும் ஒரே பக்கம் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் இந்தக் கதையை இன்றைக்கு அமைச்சர் வீட்டார் சொல்லிக்கொண்டிருப்பார்கள். போகவில்லை.

துணிக்குள்ளிருந்து விடங்கர், "எடுங்களடா! எடுங்கள்!" என்று கத்தினார்.

"தெளிவாகச் சொல்லுங்கள், அமைச்சரே" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "துணியை எடுக்கவா, உங்களை எடுக்கவா?"

சாவு விழுந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் உலகி சொன்னாள்:

"கல் வருவதற்கு வழி போட்டீர்கள். மாடு வருவதற்கு வழி போட்டீர்கள். சொல் வருவதற்கு யாரும் வழி போடவில்லை. யார் சொல்வது, யாருக்குச் சொல்வது, எந்த இடத்தில் சொல்வது, சொன்னது புரிந்ததா என்று யார் திரும்பக் கேட்பது? குழி வெட்டுவதற்கு முன்னால் இதையல்லவா தீர்மானித்திருக்க வேண்டும்?"

சாட்சிகளில் மூத்தவர் சேந்தன் என்னும் உப்பு வணிகர். ஊர் ஊராகப் போகிறவர். ஊருக்கு ஊர் சொல் மாறுவதை அறிந்தவர். அவர் முதலில் நக்கனைக் கேட்டார்.

"கேட்டதைச் சொன்னேன்" என்றான் நக்கன்.

விடங்கரைக் கேட்டார்.

"சொன்னதைச் சொன்னேன்" என்றார் விடங்கர்.

அரசனைக் கேட்டார்.

"நினைத்ததைச் சொன்னேன்" என்றான் அரசன்.

"சொன்ன பிறகு, அது போய்ச் சேர்ந்ததா என்று ஓர் ஆளை அனுப்பிக் கேட்டீர்களா?"

"அரசன் சொன்னால் போய்ச் சேரும்."

"சொல் போய்ச் சேரவில்லை, கோவே. மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள்."

சேந்தன் தரையில் உட்கார்ந்தார். ஏழூர்ச் சாட்சிகளும் உட்கார்ந்தார்கள்.

விடங்கர் கண்காட்டினார். முரசறைவோன் உலகியின் பெயரைத் தொடங்கினான். சாட்சிகள் எழவில்லை. பெயர் செல்லவில்லை.

"சரி, தூதன் பெயரை வாசி" என்றார் விடங்கர். நக்கன் பெயர் வந்தது. சாட்சிகள் எழவில்லை.

அரசன் விடங்கரைத் திரும்பிப் பார்த்தான். "இவர் பெயரை வாசி" என்றான். விடங்கரின் முகம் அவருடைய வேட்டியைவிட வெளுத்தது. அவர் பெயரும் வந்தது. சாட்சிகள் எழவில்லை.

அதற்குள் கல்வெட்டிகள் உட்கார்ந்துவிட்டார்கள். குழிவெட்டிகள் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டிக்காரர்கள் நுகத்தை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. யாரும் கல்லெடுக்கவில்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

"எழுந்திருங்கள்!" என்றான் அரசன்.

இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இல்லை. எல்லாருக்கும் புரிந்தது. ஒருவரும் எழவில்லை.

நெடுங்கோவன் அந்த வெளியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். அவன் அறத்துக்கு அஞ்சினான் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அவன் கணக்குப் பார்த்தான். பெயர் வாசிக்கப்பட்டவன் குரலுக்கு ஒரு கையும் அசையாது என்பதுதானே தண்டனை? இப்போதே ஒரு கையும் அசையவில்லை. இனி இழப்பதற்கு அவனிடம் மண்டபம் ஒன்றுதான் மிச்சம். வேறொருவர் குரலிலாவது அது எழட்டும் என்று நினைத்தான்.

முரசறைவோனைப் பார்த்து, "வாசி" என்றான்.

முரசறைவோன் அரசாணைக்கு ஒருநாளும் எதிர்க்கேள்வி கேட்டறியாதவன். அன்று கேட்டான்.

"எதை வாசிப்பது, கோவே? யாருடைய பெயரை? எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்."

"என் பெயரை."

"தங்கள் பெயரை வாசிக்கச் சொல்கிறீர்கள். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

முரசு முழங்கத் தொடங்கிவிட்டால் நான் சொல்வது உங்கள் காதில் விழாது. ஆகையால் கதையின் நீதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சொன்னதோடு சொன்னவன் கடமை முடிவதில்லை, கேட்டவனுக்கு அது எப்படிப் புரிந்தது என்று கேட்டறியும்வரை அந்தச் சொல்லும் அதன் பழியும் சொன்னவனுடையவையே.

முரசு மூன்று முறை அதிர்ந்தது. சேந்தன் முழங்காலில் கையூன்றி எழுந்தார். ஏழூர்ச் சாட்சிகளும் எழுந்தார்கள். கல்வெட்டிகளும் குழிவெட்டிகளும் வண்டிக்காரர்களும் எழுந்தார்கள். கடைசியாக உலகி எழுந்தாள்.

"ஏழூரார் கேட்க," என்று முரசறைவோன் கூவினான். "தூண் சாய்ந்து மூவர் மாண்ட இந்த இடத்தில், அதற்குக் காரணமானவரின் பெயர்:

நெடுங்கோவன்."